கொழும்பு வெக்கையில கெக்கோ டேங்குக்குச் சூடு வைக்கிறது எப்பிடி

எங்கட பிளட்ஸில மூண்டாம் மாடியில இருக்கிற தம்பி ஒராள் போன மாசம் லெபர்ட் கெக்கோ எண்ட வளர்ப்புப் பல்லி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். என்னட்ட அவர் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, வெள்ளவத்தையில நாங்களே வேர்த்து ஊத்திக்கொண்டு இருக்கிறம், இதுக்கு எதுக்கு ஹீட்டர்?" எண்டதுதான். நியாயமான கேள்வி. புதுசா வளர்க்கத் தொடங்கிற கனபேருக்கு இது வரும், ஆனா பதில் சொல்ல வேண்டியவங்க வெளிநாட்டு வீடியோவப் பார்த்துட்டு அங்க குளிருக்குச் செய்யிறத அப்பிடியே இங்க செய்யச் சொல்லுறாங்க, அதால ஒண்டு கெக்கோ வெந்து போகுது, இல்லாட்டி "கொழும்பு சூடுதானே" எண்டு ஒண்டுமே வைக்காம விட்டு அது சாப்பாடு செமிக்காம மெலிஞ்சு போகுது. ரெண்டையும் நான் பார்த்திருக்கிறன். அதான் அந்தத் தம்பிக்குச் சொன்னத இங்க வடிவா எழுதுறன்.

முதல்ல ஒரு விசயம் விளங்கோணும். கெக்கோவுக்கு உடம்புக்குள்ள சொந்தச் சூடு இல்லை. சாப்பிட்ட பிறகு சூடான இடத்தில வயித்த வச்சுப் படுத்தாத்தான் சாப்பாடு செமிக்கும், சூடு காணும் எண்டதும் எழும்பிக் குளிரான பக்கம் போகும். லெபர்ட் கெக்கோட சொந்த இடம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்துக் காய்ஞ்ச கல்லுப் பூமி. பகல் முழுக்க வெயில் குடிச்ச கல்லுக்கடியில ஒளிச்சுக் கிடந்துட்டுப் பொழுதுபடத்தான் வெளிய வரும். அந்தக் கல்லுட சூடு, பக்கத்தில குளிர்ந்த நிழல், இந்த ரெண்டையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள குடுக்கிறதுதான் எங்கட வேலை. சூடான பக்கத்தில தரை 31 இலிருந்து 33 டிகிரி செல்சியஸ், குளிரான பக்கம் 24 இலிருந்து 27. சூடான தரை 35க்கு மேல போகவே கூடாது.

இப்ப கொழும்பக் கணக்குப் பாருங்கோ. வருசம் முழுக்கச் சராசரி 27, 28 டிகிரி, மத்தியானம் 30, 31 வரும், மார்கழி தை மாச விடியப்புறத்தில 22, 23க்கு இறங்கும். அப்ப எங்களுக்குச் சூடான பக்கம் செய்ய பெரும்பாலும் வெறும் நாலைஞ்சு டிகிரி கூட்டினாக் காணும். கஷ்டமான வேலை குளிரான பக்கத்தக் குளிரா வச்சிருக்கிறது. இத மனசில வச்சுக்கொண்டு கீழ உள்ளத வாசியுங்கோ, மிச்சம் எல்லாம் இதில இருந்துதான் வருது.

எதையும் வாங்க முதல் அறைய அளவுங்கோ

ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர் வாங்கி டேங்க் வைக்கப்போற மேசையில வச்சு மூண்டு நாள் பாருங்கோ. விடிய ஆறு மணி, பின்னேரம் மூண்டு மணி, இரவு பத்து மணி, இந்த மூண்டு நேரமும் எழுதி வையுங்கோ. கூடினதும் குறைஞ்சதும் தானாப் பதியிற தெர்மோமீட்டரும் இருக்கு, அது இன்னும் நல்லம். மேல் மாடி ஆக்கள் இரவு பத்து மணிய விட்டுடாதீங்கோ, பகல் முழுக்க வெயில் குடிச்ச கொங்கிறீட் சிலப் இரவிலதான் சூட்ட இறக்கும், எங்கட வீட்டில மத்தியானம் 30 காட்டுற அறை இரவு பத்துக்கும் 30தான் காட்டும். தகரக் கூரை, அஸ்பெஸ்டஸ் கூரை வீடெண்டா இன்னும் கவனம். பகல்ல 33க்கு மேல போற அறை எண்டா அந்த அறையில கெக்கோ வைக்காதீங்கோ, ஹீட்டர் நிப்பாட்டினாலும் அதுக்குக் குளிரான பக்கம் கிடைக்காது.

இரவு முழுக்க ஏசி போடுற அறையெண்டா கதை வேற. ஏசி 24இல ஓடினாப் பிரச்சினை இல்லை, ஹீட் மேட் (டேங்க் அடியில ஒட்டுற, கரண்டில சூடேறுற தட்டையான விரிப்பு) வேலை செய்யும், கெக்கோ சந்தோசமா இருக்கும். ஏசிக் காத்து நேரா டேங்க்கில அடிக்காம வச்சாச் சரி.

இன்னொண்டு, எந்தக் கெக்கோ எண்டதும் முக்கியம். கிரெஸ்டட் கெக்கோ நியூ கலிடோனியாத் தீவில இருந்து வாறது, 28 டிகிரிக்கு மேல நாள்க்கணக்கா இருந்தா அதுக்கு உயிராபத்து. ஏசி இல்லாத கொழும்பு வீட்டில அத வளர்க்கிறது பாவம், எவ்வளவு வடிவா இருந்தாலும் வாங்காதீங்கோ. காட்டில, தோட்டத்தில இருக்கிற எங்கட நாட்டுப் பல்லி வகைகளப் பிடிச்சு வளர்க்கிறதும் வேணாம், அதுகளில கனக்க இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. வெளிநாட்டு இனம் வாங்கேக்கயும் விக்கிறவரிட்ட அனுமதிப் பத்திரத்தக் கேட்டுப் பார்த்துட்டு வாங்குங்கோ.

டேங்க்கும் அது நிக்கிற இடமும்

நீளம்தான் எல்லாம். ரெண்டடி டேங்க்கில ஒரு பக்கம் சூடாக்கினா மற்றப் பக்கமும் கூடவே ஏறிடும், எங்கட ஊர் வெக்கைக்கு மூண்டடி நீளம் எடுத்தாத்தான் நிம்மதி. மேல மூடி கட்டாயம் கம்பி வலையா இருக்கோணும். கொழும்பில காத்தில ஈரப்பதன் 75, 80 வீதம் சும்மாவே நிக்கும், லெபர்ட் கெக்கோ காய்ஞ்ச இடத்துப் பிராணி, கண்ணாடி மூடி போட்டா உள்ளுக்குப் புழுக்கம் கட்டி நெஞ்சுச் சளி மாதிரி வருத்தம் வரும்.

ஜன்னலுக்குக் கிட்ட வைக்காதீங்கோ. வெயில் நேரா அடிக்கிற கண்ணாடிப் பெட்டி வெயில்ல பூட்டி விட்ட கார் மாதிரி, ஒரு மணித்தியாலம் காணும் உள்ளுக்கு இருக்கிறது சாகிறதுக்கு. கடற்கரைப் பக்க பிளட்ஸில பின்னேர வெயில் சரிஞ்சு ஹோலுக்குள்ள எவ்வளவு தூரம் வருதெண்டு நாலு மணிக்கு ஒருக்கா நிண்டு பாருங்கோ. பிரிட்ஜுக்கு மேல, டீவிக்குப் பக்கத்தில, அடுப்படிச் சுவரோட, இதெல்லாமும் வேணாம்.

தெர்மோஸ்டட் முதல், ஹீட்டர் பிறகு

தெர்மோஸ்டட் எண்டது வச்ச அளவுக்குச் சூடு வந்ததும் ஹீட்டரத் தானே நிப்பாட்டுற கருவி. காசு குறைவா இருந்தா எல்லாரும் செய்யிறது மேட்ட வாங்கிட்டு "தெர்மோஸ்டட் அடுத்த மாசம் பார்ப்பம்" எண்டு விடுறது. தயவுசெய்து அப்பிடிச் செய்யாதீங்கோ. ஹீட் மேட் எண்டது தனக்கு எவ்வளவு சூடு காணும் எண்டு தெரியாத சாமான், கரண்ட் இருக்கிற வரைக்கும் சூடேறிக்கொண்டே இருக்கும். குளிர் நாட்டில 20 டிகிரி அறையில அது 32இல போய் நிக்கலாம், அதே மேட் எங்கட 30 டிகிரி அறையில 40ஐத் தாண்டிப் போகும். அடியில இருந்து வாற அளவுக்கு மீறின சூட்டக் கெக்கோ சிலவேளை கெதியா உணராது, சுகமா இருக்கெண்டு படுத்துக் கிடந்தே வெந்து போகலாம். காசு ஒண்டுக்குத்தான் காணுமெண்டா தெர்மோஸ்டட்டும் தெர்மோமீட்டரும் வாங்கி வச்சுட்டு, கெக்கோவ ஒரு மாசம் பிந்தி எடுங்கோ.

மேட்டுக்குச் சாதாரண ஓன் ஓஃப் தெர்மோஸ்டட்டே காணும். பிளக், சொக்கட், புரோப் (வயர் நுனியில இருக்கிற, சூட்ட அளக்கிற முனை) எல்லாம் சேர்த்துப் பூட்டியே வாற மாதிரிப் பார்த்து எடுங்கோ. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகள்ல மலிவா ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி விப்பாங்க, பின்னுக்கு ஸ்க்ரூ போட்டு வயர் பூட்டுற மாதிரி, வேலை செய்யும்தான், ஆனா 230 வோல்ட் கரண்ட் போற முனை திறந்த மாதிரி இருக்கும். அத ஒரு எலெக்ட்ரீசியனக் கொண்டு மூடின பெட்டிக்குள்ள பூட்டாம வீட்டில வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெண்டா யோசிக்கவே வேணாம்.

மேட்ட டேங்க் தரையில மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்கோ, எங்கட சூட்டுக்கு இன்னும் சின்னன் எண்டாலும் பரவாயில்லை. கரண்ட் பில்லுக்குப் பயப்பிட வேணாம். 14 வாட் மேட் ஒண்டு மாசம் முழுக்க நிப்பாட்டாம ஓடினாலே 10 யுனிட்தான் வரும், தெர்மோஸ்டட் போட்டா அதிலயும் குறையும்.

"ஹீட் ரொக்" எண்டு கல்லு மாதிரி ஒண்டு விப்பாங்க, வடிவா இருக்கும், வாங்காதீங்கோ. ஒரு இடம் மட்டும் கொதிக்கும், கெக்கோ அதுக்கு மேலயே படுக்கும். சிவப்பு பல்பும் தேவையில்லை. ஹாலஜன் லைட் நல்ல சூடுதான், வெயில் மாதிரி மேல இருந்து வரும், ஆனா கொழும்பில ஏசி இல்லாத அறையில அது டேங்க் முழுக்கக் காத்தையே சூடாக்கிப் போடும், அதால தொடங்கிற ஆக்களுக்கு நான் மேட்டத்தான் சொல்லுவன். ஏற்கனவே செரமிக் ஹீட்டர், ஹாலஜன் வாங்கிட்டீங்க எண்டா செரமிக் ஹோல்டரில மட்டும் போடுங்கோ, பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பல்பச் சுத்திக் கம்பிக் கூடு இருக்கோணும், கிளிப்ப மட்டும் நம்பாம மேல இருந்து சங்கிலியால கட்டித் தூக்குங்கோ, தெர்மோஸ்டட்டும் அதுட வாட் அளவுக்குப் பொருத்தமானதா இருக்கோணும். லைட்ட 12 மணித்தியாலம் மட்டும் எரியவிடுங்கோ.

மேட் ஒட்டுறது

மேட்ட டேங்க்குக்கு வெளிய, அடிப்பக்கத்தில, ஒரு ஓரமா வையுங்கோ. உள்ளுக்கு வேண்டவே வேண்டாம். ஒட்ட முதல் அடிக் கண்ணாடியத் துடைச்சு நல்லாக் காய விடுங்கோ. மேட் மடியவோ சுருங்கவோ கூடாது, மடிஞ்ச கோட்டில சூடு குவிஞ்சு கருகும். ஒருக்கா ஒட்டினத இழுத்துக் கழட்டித் திருப்பி ஒட்டுறதும் அதேதான், உள்ளுக்கிருக்கிற இழை முறியும். பிறகு டேங்க்குக்கு நாலு மூலையிலயும் சின்ன ரப்பர் கால் வச்சுக் கொஞ்சம் உயர்த்துங்கோ, மேட்டுக்கும் மேசைக்கும் இடையில காத்துப் போகோணும். பலகை மேசையில நேரா நசுங்கிக் கிடந்தா சூடு போக வழியில்லாம மேசை கருகும், கண்ணாடியும் வெடிக்கலாம்.

உள்ளுக்குத் தரைக்கு டைல்தான் என்ட விருப்பம். வீடு கட்டின மிச்சத்தில ஹாட்வெயார் கடையில ரெண்டு மூண்டு துண்டு வெட்டித் தருவாங்க. சூடான பக்கம் டைல் சூட்டப் பிடிச்சு வச்சிருக்கும், குளிரான பக்கம் அதே டைல் சில்லெண்டு இருக்கும். கடற்கரை மண் கொண்டுவந்து தடிப்பாப் போடாதீங்கோ, மண் சூட்ட மேல விடாது, அடியில குவியும், கெக்கோ கிண்டிக் கிண்டிப் போய்க் கண்ணாடியில வயித்த வைக்கும்.

சூடான பக்கத்தில ஒரு ஒளிக்கிற இடம், குளிரான பக்கத்தில ஒண்டு, ரெண்டும் கட்டாயம். சிரட்டை ஒண்டக் கவிட்டு வாசல் வெட்டினாலே காணும். ஒண்டுதான் வச்சீங்க எண்டா அது பயத்தில அதுக்குள்ளயே கிடக்கும், சூடோ குளிரோ எண்டு பார்க்காது.

புரோப், இதிலதான் எல்லாரும் பிழை விடுறது

என்ட கெக்கோ புள்ளிக்கு நடந்தத இங்க சொல்லோணும். முதல் வருசம் நான் புரோப்ப டேங்க்குக்குள்ள, சூடான ஒளிவிடத்துத் தரையில சும்மா போட்டு வச்சிருந்தனான். ஒருநாள் இரவு புள்ளி ஓடித் திரியேக்க வயர் காலில மாட்டி, புரோப் இழுபட்டுப் போய் மற்றப் பக்கம் தண்ணிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில விழுந்துட்டுது. அங்க 27 டிகிரி. தெர்மோஸ்டட் என்ன நினைக்கும்? "இன்னும் சூடாகேல்ல" எண்டு மேட்ட நிப்பாட்டாம ஓட விட்டுட்டுது. விடிய நான் கை வச்சுப் பார்க்க டைல் சுட்டுது, அளந்தா 44. புள்ளி மற்றப் பக்கக் கண்ணாடியோட ஒட்டிக்கொண்டு வாயத் திறந்தபடி நிண்டது, திருப்பிப் பார்த்தா அடிவயித்தில ரெண்டு சதக் காசளவுக்குத் தோல் சிவந்து போயிருந்தது. மிருக வைத்தியரிட்டக் கொண்டு ஓடினம், சுகமாகிட்டுது, ஆனா அந்தத் தழும்பு இப்பவும் இருக்கு, ஒவ்வொரு முறை தோல் உரிக்கேக்கயும் அந்த இடத்தில மட்டும் ஒட்டிக்கொண்டு நிக்கும்.

அதுக்குப் பிறகு நான் செய்யிறது இதுதான். மேட்ட ஒட்டேக்கயே புரோப்ப வெளியில, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில வச்சு அலுமினியம் டேப்பால இறுக்கி ஒட்டுறன். கெக்கோ இழுக்க ஏலாது, தண்ணி ஊத்துப்படாது. உள்ளுக்கு டைல் மேல வேற ஒரு தெர்மோமீட்டரிட முனை. உள்ளுக்கு 32 வரும்வரைக்கும் தெர்மோஸ்டட்ட அரை அரை டிகிரியாக் கூட்டிக் குறைச்சு செட் பண்ணுங்கோ. கண்ணாடிக்கும் டைலுக்கும் இடையில கொஞ்சம் சூடு குறையிறதால தெர்மோஸ்டட்டில 34, 35 எண்டு வைக்க வேண்டி வரும், அதப் பார்த்துப் பயப்பிடாதீங்கோ, டைல்ல எவ்வளவு எண்டதுதான் கணக்கு. உள்ளுக்கு எதையும் செலோடேப்பால ஒட்டாதீங்கோ, கெக்கோட தோல் அதில ஒட்டிக் கிழியும். சிலிக்கன் பசை போட்டு ரெண்டு நாள் காய விடலாம். டெம்பரேச்சர் கன் ஒண்டு கையில இருந்தா இன்னும் நல்லம், டைல் முழுக்க ஒரு சுத்துச் சுட்டுப் பார்த்தா எந்த மூலை கொதிக்குதெண்டு உடன தெரியும்.

பிளக், வயர்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஆக்கள் இத ரெண்டு தரம் வாசியுங்கோ. கடல் உப்புக்காத்து பிளக் பின்னையும் சொக்கட் உள்ளையும் மெல்ல மெல்ல அரிக்கும், பச்சையாப் பூத்திருக்கும் பாருங்கோ, அதுதான். அரிச்ச இடத்தில தொடுப்பு இறுக்கம் இல்லாம அங்க சூடேறும். மேட் சின்னக் கரண்ட்தான் எடுக்குது, ஆனா அதே மல்டி பிளக்கில கேத்திலும் அயனும் குத்தியிருந்தா? மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பிளக்கக் கழட்டிப் பின்னப் பாருங்கோ, தொட்டுச் சூடா இருந்தா மாத்துங்கோ. உருண்டைப் பின்ன சதுரச் சொக்கட்டுக்குள்ள பேனைத் தண்டு விட்டுத் திறந்து குத்துற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு. கெக்கோ டேங்க்குக்கு, 24 மணித்தியாலமும் ஓடுற சாமானுக்கு, அது வேண்டவே வேண்டாம்.

வயர் சொக்கட்டுக்குப் போக முதல் ஒருக்காக் கீழ தொங்கிப் பிறகு மேல ஏறுற மாதிரி விடுங்கோ. டேங்க்கில தண்ணி சிந்தினா வயர் வழிய ஓடிச் சொக்கட்டுக்குள்ள போகாம அந்தத் தொங்கின இடத்தில சொட்டும். மெயின் சுவிட்ச் போர்ட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்கா எண்டு பாருங்கோ, அதில இருக்கிற டெஸ்ட் பொத்தான அமத்தினா விழோணும், விழாட்டி முதல்ல அதச் சரிசெய்யுங்கோ.

கெக்கோ இல்லாம ரெண்டு நாள் ஓட விடுங்கோ

எல்லாம் பூட்டி முடிஞ்சதும் வெறும் டேங்க்க 48 மணித்தியாலம் ஓட விட்டுக் குறிப்பு எழுதுங்கோ. இடையில ஒருக்கா மெயினை நிப்பாட்டித் திருப்பிப் போடுங்கோ, கரண்ட் கட் வந்த மாதிரி. சில மலிவுத் தெர்மோஸ்டட் கரண்ட் திரும்பி வந்ததும் நீங்க வச்ச இலக்கத்த மறந்துட்டு வேற எண்ணில நிக்கும், அத நீங்க இப்பவே தெரிஞ்சிருக்கோணும், இரவு ரெண்டு மணிக்கு நீங்க நித்திரையா இருக்கேக்க இல்லை. மறக்கிற சாமானெண்டாத் திருப்பிக் குடுங்கோ.

கரண்ட் கட்டப் பற்றி வெளிநாட்டு ஆக்கள் கடுமையாப் பயப்பிடுவாங்க. எங்களுக்கு 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கூடக் கரண்ட் இல்லாம இருந்தது, புள்ளிக்கு ஒண்டும் ஆகேல்ல, ஏனெண்டா அறையே 28இல நிண்டது. சாப்பாட மட்டும் அண்டைக்குக் குடுக்கேல்ல, சூடில்லாம செமிக்காது. சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் வைக்காதீங்கோ, கொழும்புக்கு அது தேவையில்லை.

பயப்பிட வேண்டியது சித்திரை வெக்கைக்கு. புழுக்கம் கட்டி அறை 32, 33 ஏறுற நாளில மேட்டத் தெர்மோஸ்டட் தானே நிப்பாட்டிப் போடும், அது சரியா வேலை செய்யுதெண்டு அர்த்தம். குளிரான பக்கம் 30ஐத் தாண்டினா ஒரு தண்ணிப் போத்தல பிரீசரில உறைய வச்சுத் துணியால சுத்தி அந்தப் பக்க வலைக்கு மேல வையுங்கோ, உருகினதும் மாத்துங்கோ. அறையில பேன் ஓடலாம், நேரா டேங்க்குக்குள்ள வேணாம். டேங்க்க மேசையில இருந்து தரைக்கு இறக்கினாலே கொஞ்சம் குறையும்.

கெக்கோவப் பார்த்துத் தெரிஞ்சுகொள்ளுறது

தெர்மோமீட்டர விட கெக்கோ நல்லாச் சொல்லும். எந்த நேரமும் குளிரான பக்கத்திலயே கிடக்குது, கண்ணாடிய ஓயாமச் சுரண்டுது, வாயத் திறந்து மூச்சு விடுது எண்டா சூடு கூட. சூடான பக்கத்த விட்டு எழும்பவே இல்லை, சாப்பாடு வேணாமெண்டுது, சாப்பிட்டதக் கக்குது, வால் மெலியுது எண்டா சூடு குறைவு, இல்லாட்டி வேற வருத்தம். மாறி மாறி ரெண்டு பக்கமும் போய் வந்தா நீங்க சரியாச் செய்திருக்கிறீங்க.

சூடு பட்டுட்டுது எண்டு கண்டா உடன பிளக்கக் கழட்டுங்கோ, ஐஸ் வைக்காம சாதாரணத் தண்ணியில நனைச்ச துணிய மெல்ல அந்த இடத்தில கொஞ்ச நேரம் பிடியுங்கோ, பற்பசை, எண்ணெய், எங்களுக்குப் பூசுற கிறீம் ஒண்டும் பூசாதீங்கோ, சுத்தமான டிஷ்யூ விரிச்ச பெட்டியில வச்சு வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ. எல்லா மிருக வைத்தியரும் ஊர்வன பார்க்க மாட்டாங்க, அதால ஆரெண்டு விசாரிச்சு நம்பர முதலே போனில பதிஞ்சு வையுங்கோ.

எங்கட வீட்டில இப்ப அம்மாதான் விடிய ஆறு மணிக்கு ரெண்டு இலக்கத்தையும் பார்த்துக் கலண்டரில எழுதுறவ. பல்லி சொன்னாப் பலன் பார்க்கிற ஆள், முதல்ல இதக் கண்டு தள்ளி நிண்டவ, இப்ப "32, 26, நல்லா இருக்கு" எண்டு என்னை எழுப்பிச் சொல்லுவா. திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போற நாளில பக்கத்து வீட்டு அன்ரியிட்டத் திறப்பக் குடுத்து நாங்க சொல்லிட்டுப் போறது இவ்வளவும்தான்: தண்ணி மாத்துங்கோ, சூடான பக்கத்து இலக்கத்தப் பாருங்கோ, 35க்கு மேல கண்டா ஒண்டையும் அமத்திப் பார்க்காம பிளக்கக் கழட்டிட்டு எங்களுக்குக் கோல் எடுங்கோ. நாங்க வந்து சேர ரெண்டு நாள் ஆனாலும் கொழும்பில அது மேட் இல்லாமத் தாங்கும்.